சொட்டு மேடமும் பதினேழாம் எண்ணும்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளைச் சொட்டு மேடம் என்றால்தான் தெரியும். பேர் வைத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை துலங்கவில்லை. அடுத்த அறையில் இருந்த வழுக்கைத்தலைப் பேராசிரியர் காதில் அது அரைகுறையாக விழுந்து, ‘சொட்டை’ என்று தன்னைத்தான் சொல்கிறார்கள் என நினைத்துக்கொண்டு, ஒரு மாதம் எல்லோரையும் முறைத்தபடி திரிந்தார்.

பேருக்கான காரணத்தில் ஒளிவுமறைவு இல்லை. கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டு விடுவாள். அது காய்ந்து முடியும்வரை நுண்ணோக்கியில் பார்ப்பாள். பிறகு அடுத்த சொட்டு. பால், மை, ரத்தம், பயிருக்கு அடிக்கும் மருந்து, எதுவானாலும் சொட்டுதான். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம், “உங்க மேசையில காபி சிந்தி காஞ்ச இடத்தைப் போய்ப் பாருங்க” என்பாள். நடு வெளுத்திருக்கும், ஓரம் மட்டும் கோடு போட்டதுபோல் கறுத்திருக்கும். உள்ளே பரவலாகக் கிடந்த தூள் எல்லாம் ஏன் ஓரத்துக்கு ஓடுகிறது? எல்லாச் சொட்டிலும் ஓடுமா? ஓடாமல் தடுக்க முடியுமா? இந்த மூன்று கேள்வியை வைத்துக்கொண்டு அவள் பாதி ஆயுளை ஓட்டிவிட்டாள். மீதிக்கும் தாராளமாக வரும் என்று நம்பினாள்.

கலைஞர்களைக் கூட்டிவந்து சில வாரம் விஞ்ஞானிகளோடு உட்கார வைக்கும் திட்டம் ஒன்று நிலையத்தில் இருந்தது. ரெசிடென்சி என்று அதற்குப் பெயர். முந்தின வருடம் மீன் ஆராய்ச்சிக்காரரிடம் ஒரு நாடக நடிகர் வந்து, தொட்டிக்கு முன்னால் நின்று தினமும் வசனம் ஒப்பித்தார். மீன்கள் இரை எடுக்கவில்லை என்று மீன்காரர் புலம்பினார். அதனால் இந்த வருடம் ஒருங்கிணைப்பாளர் வந்து கதவைத் தட்டியபோது, சொட்டு மேடம் மூன்று சாக்கு தயாராக வைத்திருந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் மஞ்சள் பிரேம் போட்ட கண்ணாடிக்காரர். எதைச் சொன்னாலும் உரையாடல் என்று முடிப்பார்.

“இடம் இல்ல, நேரம் இல்ல, எனக்குக் கலையும் தெரியாது” என்று அவள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

“அதனாலதான் மேடம். தெரியாதவங்க கூட பண்றதுதானே உரையாடல். படங்களை மட்டும் ஒரு தடவை பாருங்க. பேர் இருக்காது, எண் மட்டும்தான். வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு யாரும் பார்க்கக் கூடாதுல்ல.”

தொல்லை விட்டால் போதும் என்றுதான் கணினியைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளிக்கொண்டே போனவள் பதினேழில் நின்றுவிட்டாள்.

பெரிய பெரிய தாள்களில் நீர்வண்ண ஓவியங்கள். உருவம் என்று ஒன்றும் இல்லை. ஒரு நீலம் பரவிப் போய், ஓரிடத்தில் நின்று, அங்கே ஒரு கறுத்த கோட்டை விட்டிருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டி இன்னொரு நீலம், அதற்கொரு கோடு. வரைந்தவர் தூரிகையால் அந்தக் கோட்டைப் போடவில்லை. தண்ணீரே போட்டுக்கொள்ளும்படி விட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார். எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்த கை. சொட்டு மேடம் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாப்பாட்டு வேளை போனது தெரியவில்லை. மாலையில் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே வரி அனுப்பினாள்: பதினேழாம் எண், வேறு யாரும் வேண்டாம்.

அடுத்த மாதம் பதினேழாம் எண் வந்து கதவைத் தட்டியது. தோளில் ஒரு நீளமான தாள் சுருள், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

“உள்ள வரலாமா அண்ணி?”

சொட்டு மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வந்து நின்றவள் அவளுடைய நாத்தனார். கணவனின் ஒரே தங்கை. நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசி ஆறு வருடம் ஆகிறது.

பின்னாலேயே ஒருங்கிணைப்பாளர் எட்டிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமா?”

“சொந்தம்” என்றாள் சொட்டு மேடம்.

“தூரத்துச் சொந்தமா?”

“எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி.”

ஒருங்கிணைப்பாளரின் மஞ்சள் பிரேம் மூக்கிலிருந்து இறங்கியது. “ஐயையோ. வெளிய தெரிஞ்சா சிபாரிசுன்னு சொல்லுவாங்களே.”

“அந்தக் கவலையே வேண்டாம் சார்” என்றாள் நாத்தனார், வாளியைக் கீழே வைத்தபடி. “எங்க குடும்பத்துல யாரை வேணா கேட்டுப் பாருங்க. அண்ணி எனக்கு சிபாரிசு பண்ற ஆள் இல்லன்னு எழுதியே கொடுப்பாங்க.”

“ஆபீஸ்ல அனுப்பறவங்களுக்கு இடம் கொடுக்கறதுதான் என் வேலை” என்றாள் சொட்டு மேடம். அந்த ஒரே வரி மின்னஞ்சலைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. ஒருங்கிணைப்பாளர் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பல் டாக்டர் என்பது அவள் கணவர். ஆறு வருடமாக அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் தூது போகிறவர். “அண்ணிகிட்ட சொல்லிடு”, “உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க” என்று இரண்டு பக்கமும் அவர் வழியாகத்தான் செய்தி போகும். மாமியாருக்கும் அதற்குள் போன் போய்விட்டது.

“ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒரே மேசையில உட்கார மாட்டாங்க, இவங்களுக்கு ஒரே ரூம்ல ஆறு வாரமா?” என்று மாமியார் போனில் கேட்டது சமையலறைவரை கேட்டது. “எதுக்கும் அங்க உடையற சாமான் என்னென்ன இருக்குன்னு கேட்டு வை.”

சண்டையின் காரணம்தான் சொட்டு மேடத்துக்குப் பிடிபடவே இல்லை. நாத்தனாரின் முதல் கண்காட்சிக்குப் போய் வந்த நாளிலிருந்துதான் இப்படி. அங்கே என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்துச் சில ஊகங்கள் வைத்திருந்தாள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பிளாஸ்க் வாங்கிப் போனது தப்போ. ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்று பாதியில் கிளம்பியது தப்போ. கணவரிடம் கேட்டால், “அவ சொல்ல மாட்டேங்கறா, நீயே கேளேன்” என்பார். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. விஞ்ஞானத்தில் எந்தக் கேள்வியையும் கேட்கக் கூசாதவள் இந்த ஒரு கேள்வியை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, அது இறுகிப் போய்விட்டது.

முதல் வாரம் இரண்டு பேரும் நிலையத்து விருந்தாளிகள்போல் நடந்துகொண்டார்கள். நாத்தனாருக்கு ஜன்னல் பக்கம் ஒரு மேசையும், ஆய்வகத்தை ஒட்டிய சின்ன சாமான் அறையும் ஒதுக்கினாள். குடும்பத்தில் ‘வாலு’ என்று கூப்பிடப்பட்டவளை இங்கே ‘நீங்க’ என்றாள்.

“கதவை மெதுவா சாத்துங்க. சொட்டுக்குப் பக்கத்துல நின்னு பேசாதீங்க. மூச்சுக்காத்து பட்டாலே காயற வேகம் மாறிடும்.”

“மூச்சு விடலாமா?”

“அந்தப் பக்கம் திரும்பி விடுங்க.”

நாத்தனார் சமர்த்தாக அந்தப் பக்கம் திரும்பி ஒரு மூச்சு விட்டுக் காட்டினாள். அது கேலியா கீழ்ப்படிதலா என்று சொட்டு மேடத்துக்குப் பிடிபடவில்லை.

இரண்டாம் வாரம் சொட்டுகளுக்குப் பேய் பிடித்தது. காலையில் வைத்த சொட்டு காய்வேனா என்று உட்கார்ந்துகொண்டது. மதியம் வைத்தது வைத்த கையோடு சுருண்டது. ஒரே திரவம், ஒரே அளவு, ஒரே கண்ணாடி. சொட்டு மேடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்தாள். ஏசிக்காரரை இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் மூடியைக் கழற்றி, மூடியை மாட்டி, “இதுல ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் சாமான் அறைக் கதவின் கீழிருந்து வெந்நீர் ஆவிபோல் ஒன்று வந்து காலில் பட்டது. திறந்து பார்த்தாள். அறை முழுக்கக் கொடி கட்டி, நனைந்த தாள்கள் துணிபோலத் தொங்கின. நடுவில் நாத்தனார், தலைமுடி காயவைக்கும் டிரையரைத் தாளுக்குத் தாள் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஈரத்தாள், ஆய்வகம் முழுக்க மழைக்காலம். மதியம் டிரையர், ஆய்வகம் முழுக்கப் பாலைவனம்.

சொட்டு மேடம் கதவைச் சாத்தினாள். நேராக வராந்தாவுக்குப் போய்க் கணவருக்குப் போன் செய்தாள். பல் டாக்டர் அந்த நேரம் ஒருவர் வாயில் இரண்டு கையும் விட்டிருந்தார். உதவியாளர் போனை அவர் காதில் பிடிக்க வேண்டியிருந்தது.

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, டிரையரை நிறுத்தச் சொல்லி.”

“அவ எங்க இருக்கா?”

“பக்கத்து ரூம்ல.”

பல் டாக்டர் சற்று நேரம் பேசவில்லை. வாயைத் திறந்தபடி கிடந்தவரும் பேசவில்லை. பிறகு பல் டாக்டர் தங்கைக்குப் போன் போட்டார். சாமான் அறைக்குள் போன் அடித்தது, டிரையர் நின்றது, கதவு திறந்தது.

“எட்டு அடி தூரம் இருக்குமா அண்ணி?” என்றாள் நாத்தனார். “இந்த எட்டு அடிக்கு என் அண்ணனைச் சுத்திட்டு வரணுமா?”

“நாலு நாள் வேலை போச்சு.”

“போனது எனக்கு இப்பத்தான் தெரியுது. முதல் நாளே சொல்லியிருந்தா முதல் நாளே நிறுத்தியிருப்பேன். நீங்க மூச்சு விடறதைப் பத்திச் சொன்னீங்க, டிரையரைப் பத்திச் சொல்லலையே.”

நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே இன்னும் எரிச்சலாக வந்தது. சொட்டு மேடம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் வந்து பக்கத்து முக்காலியை மெதுவாக, சத்தமில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகத்தைத் துணியால் மூடிக் கட்டியிருந்தாள், மூச்சு படாமல் இருக்க.

“ஒரே ஒரு சொட்டு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பார்க்கறேன். பேச மாட்டேன்.”

அவள் விரலில் பட்டிருந்த நீலத்தைப் பார்த்த சொட்டு மேடம், “உங்க வண்ணத்துலயே ஒண்ணு வைக்கலாம்” என்றாள்.

வைத்தாள். பெரிய திரையில் சொட்டு ஒரு ஏரி அளவுக்கு விரிந்தது. உள்ளே நீலத் துகள்கள் முதலில் மிதந்தன. பிறகு ஒன்றிரண்டு நகர்ந்தன. பஸ் வருகிறது என்று யாரோ சொன்னதுபோல் எல்லாமாகச் சேர்ந்து ஓரத்துக்கு ஓடின. முன்னே போனவை கரையில் நின்று இடம் பிடித்தன. பின்னே வந்தவை முண்டியடித்தன. சொட்டு ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் நடுவில் ஒரு மினுக்கு, அதுவும் போயிற்று. ஓரத்தில் ஊசிமுனை அளவு நீலக் கோடு. அதற்குள்ளே அதைவிட மெல்லியதாக இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இறகுபோல் கிளைகள்.

சொட்டு மேடம் தன்னை மறந்தாள். “அடடா, என்ன ஒரு கறை. எவ்வளவு அழகான கறை.”

பக்கத்தில் முக்காலி கிரீச்சிட்டது. நாத்தனார் முகத்துத் துணியை இறக்கியிருந்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“கறை. இதை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்.”

“அன்னைக்கும் அப்படித்தான் சொன்னீங்க.”

“என்னைக்கு?”

“என் கண்காட்சியில. வாசல்ல மாட்டியிருந்தேனே, பெரிய நீலப் படம். அதுக்கு முன்னாடி நின்னு, அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி, ‘இது அப்படியே கறைதான்’னு சொன்னீங்க. என் பக்கத்துல என் வாத்தியார் நிக்கறார். சொல்லிட்டு பிளாஸ்க்கைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டீங்க.”

சொட்டு மேடத்துக்கு அந்தப் படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சொன்னதும் நினைவுக்கு வந்தது. வண்டியில் வரும்போதுகூட அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

“சொன்னேன். ஆமா. அதுல ஓரம் மூணு அடுக்கா கட்டியிருந்தது. எனக்கு ஆய்வகத்துல மூணு அடுக்கு வந்ததே இல்ல. நான் பார்த்ததுலயே நல்ல கறை அதுதான். வீட்டுக்குப் போகாம நேரா இங்கதான் வந்தேன், அதே மாதிரி வருதான்னு பார்க்க.”

நாத்தனார் அவளையே பார்த்தாள். “அண்ணி. கறைன்னா மத்தவங்களுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?”

“சட்டையில படறது.”

“சட்டையில பட்டா என்ன பண்ணுவாங்க?”

சொட்டு மேடம் திரையிலிருந்த நீலக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். கட்டுரைக்குக் கட்டுரை அந்த வார்த்தையைத் தலைப்பில் போட்டு, அதன் பேரில் பட்டமும் வாங்கி, அதை ஊரில் துவைத்துப் போக்குவார்கள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“நான் பாத்ரூம்ல போய் அழுதேன்” என்றாள் நாத்தனார். “அப்புறம் ஒரு வருஷம் நீலத்தையே தொடல.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே வாலு.”

“என்னன்னு கேக்கறது? என் படம் கறையா அண்ணி, கறைன்னா எந்தளவுக்குக் கறைன்னா?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ரொம்ப உசத்தியான கறைன்னு.”

நாத்தனார் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். அடக்க அடக்கப் பொங்குகிற சிரிப்பு. சொட்டு மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்ததா, அவலை நினைத்து உரலை இடித்த ஆறு வருடத்தை நினைத்து வந்ததா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மேசை குலுங்கி அடுத்த இரண்டு சொட்டும் பாழாயின. அவள் பொருட்படுத்தவில்லை.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “இங்கதான் அனுப்பறாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுதான் வந்தேன். எங்களுக்கும் பேர் போடாம ஆராய்ச்சியைப் பத்தி ஒரு பக்கம் கொடுத்தாங்க. சொட்டு காயறதைப் பத்தி இந்த உலகத்துல வேற யார் ஒரு பக்கம் எழுதுவாங்க? படிச்சா கோவம் வரும்னு நினைச்சேன். வரல. ரெண்டு தடவை படிச்சேன். சரி, போய் நேருக்கு நேர் சண்டை போட்டுடலாம்னு உங்களையே கேட்டு எழுதிப் போட்டேன். வந்து பார்த்தா நீங்க ‘நீங்க, வாங்க’ன்னு மரியாதை கொடுக்கறீங்க. மரியாதை கொடுக்கறவங்ககிட்ட எப்படிச் சண்டை ஆரம்பிக்கறது?”

அப்போதுகூடச் சொட்டு மேடம் பதினேழாம் எண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. பத்து நிமிடத்தில் இவ்வளவு தோற்றது போதும் என்று விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆய்வகத்தில் சத்தம் கூடிப்போயிற்று. பொதுமக்களை உள்ளே விட்டு வேலையைக் காட்டும் நிலையத்தின் திறந்த நாளுக்கு என்ன செய்வது என்பதில் இருவருக்கும் தினம் வாக்குவாதம். கீழ்த்தளத்துக் கூடம் முழுக்கக் கித்தானை விரித்து, அதில் வாளி வாளியாக வண்ணத்தை ஊற்றி, ஒரு அறை அகலத்துக்கு ஒரே சொட்டாகக் காயவைக்க வேண்டும் என்றாள் நாத்தனார்.

“அது சொட்டு இல்ல, குளம். சொட்டு மாதிரி காயாது” என்றாள் சொட்டு மேடம்.

“எப்படிக் காயும்?”

“தெரியாது.”

“நீங்க யோசிக்கவே இல்லையா?”

“இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

சொல்லிவிட்டு அன்று மாலையே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஜன்னல் திறந்திருந்தால் திறந்த நாளுக்கு முந்தின மாலை காய்ந்துவிடும் என்று வந்தது. சரி என்றாள். ஊற்றும் நாளில் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வாளி தூக்கினாள். வழுக்கைத்தலைப் பேராசிரியர் வந்து ரசமட்டம் வைத்துத் தரையின் மட்டம் பார்த்துக் கொடுத்தார்.

கணக்கில் மழை இல்லை. ஊற்றிய மறுநாள் பிடித்த மழை விடவே இல்லை. வாசலில் காயப்போட்ட கால்மிதி காயவில்லை, குளம் எங்கே காய்வது. திறந்த நாள் காலையில் கூடத்தில் கறுநீலத் தண்ணீர் தளதளவென்று நின்றது. ஒருங்கிணைப்பாளர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“மேடம், பத்திரிகைக்காரங்க வராங்க. ஓவியம் எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?”

“இன்னும் வரலைன்னு சொல்லுங்க” என்றாள் சொட்டு மேடம்.

குடையை மடக்கிக்கொண்டு ஜனம் வந்தது. பல் டாக்டர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தது. மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து, குளத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“எப்ப காயும்?”

பெருங்கூட்டத்துக்கு முன்னால் பேசுவதென்றால் சொட்டு மேடத்துக்கு வேப்பங்காய். ஆனால் கேட்டது மாமியார். “காத்துல ஏற்கனவே தண்ணி நிறைஞ்சிருக்கு அத்தை. நிறைஞ்ச பஸ்ல ஏற முடியாத மாதிரி, இந்தத் தண்ணிக்கு ஏற இடம் இல்ல. மழை விட்டாதான் நகரும்” என்று தொடங்கினாள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அதற்குச் சொன்னாள். ஓரம் ஏன் கறுக்கிறது என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். அதற்கு மண்டிபோட்டு உட்கார்ந்து, விரலை நீட்டிக் கரையில் கட்ட ஆரம்பித்திருந்த மெல்லிய கோட்டைக் காட்டினாள். எல்லோரும் நாற்காலியை விட்டு இறங்கிக் குனிந்து பார்த்தார்கள். வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்தவர்கள் போகவில்லை. மழையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒருவர் இடப்பக்கம் கோடு தடித்துவிட்டது என்றார், இன்னொருவர் இல்லை வலப்பக்கம்தான் என்றார். பந்தயம் கட்டாத குறை.

இதைப் பார்த்து ஒருங்கிணைப்பாளருக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

“இந்த உரையாடல் தற்செயலா நடக்கல. ஓவியர் இந்த ஆய்வகம்தான் வேணும்னு கேட்டாங்க. அது பெரிசில்ல. எங்க மேடம் நாப்பது பேரோட படத்துல, யாருன்னே தெரியாம, பதினேழாம் எண், வேறு யாரும் வேண்டாம்னு ஒரே வரி எழுதினாங்க.”

கூட்டம் கைதட்டியது. நாத்தனார் மெல்லத் திரும்பினாள். சொட்டு மேடம் குளத்தின் எதிர்க்கரையில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆபீஸ்ல அனுப்பறவங்களுக்கு இடம் கொடுக்கறது உங்க வேலைன்னு சொன்னீங்களே அண்ணி.”

“அதுவும் என் வேலைதான்.”

“வேறு யாரும் வேண்டாமா?”

“மத்ததெல்லாம் சுமாரா இருந்தது.”

நாத்தனார் குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஏதாவது சொல்வாள் என்று சொட்டு மேடம் எதிர்பார்த்தாள். அவளோ பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மகனிடம், “இவ்வளவுதானா? ஒரு கறைக்கா ஆறு வருஷம்?” என்றார். பல் டாக்டர், “எனக்கும் போன வாரம்தான் தெரியும்மா” என்றார்.

மழை மறுநாள் விட்டது. குளம் யாரும் பார்க்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காய்ந்து முடிந்தது. சொட்டு மேடம் நினைத்த மாதிரி ஒற்றைக் கோடாகவும் இல்லை, நாத்தனார் நினைத்த மாதிரி அடுக்கடுக்காகவும் இல்லை. கரையோரம் கருநீலம், உள்ளே தீவு தீவாக வெளுப்பு, ஒரு மூலையில் மட்டும் தரையின் சாய்வால் வண்ணம் தேங்கி, வெடித்து, மீன் செதில்போல் அடுக்கிக் கிடந்தது. சுருட்டினால் உதிர்ந்துவிடும். சுருட்டாவிட்டால் கூடத்துக் கதவில் நுழையாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்று நாத்தனார் பெரிய கத்தரியை எடுத்தாள். சொட்டு மேடம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமியாருக்கு ஒரு தீவு. வழுக்கைத்தலைப் பேராசிரியருக்கு மட்டம் பார்த்ததற்காக ஒரு தீவு. நிலையத்து வாசலுக்குக் கரையோரத்தில் நீளமாக ஒரு பட்டை. மிச்சம் இருந்தது அந்தச் செதில் மூலை.

“அது எனக்கு” என்றாள் நாத்தனார்.

“எப்படி? அந்த வெடிப்பு எப்படி வந்ததுன்னு நான் இன்னும் பார்க்கவே இல்ல.”

“நீங்க பார்த்து முடிக்க இருபது வருஷம் ஆகும் அண்ணி.”

“ஆகட்டுமே. நீ அதை மாட்டி வச்சு வேடிக்கைதானே பார்க்கப்போற.”

“வண்ணம் என்னுது.”

“தரை எங்களுது. சாய்வு இல்லாம அது வந்திருக்காது.”

கூடத்தைப் பெருக்க வந்தவர் துடைப்பத்தோடு ஓரமாக நின்றார். இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கித்தானின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை மறந்து மல்லுக்கு நின்றார்கள். பாதியில் நாத்தனார் எழுந்து போய் இரண்டு காபி வாங்கி வந்தாள். குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.